டிபன் கேரியரும் 350 மில்லி ரத்தமும்

திருப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியோட ரத்த வங்கில 17 வருஷமா வேலை பாக்கறேன். டிஎம்எல்டிங்கற லேப் டிப்ளமோ முடிச்சு டெக்னீஷியனா சேந்தவ, இப்போ கேம்புக்கு போனா டோனர் ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து பேசி, பாரம் நிரப்பி, இவங்ககிட்ட எடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கற வேலையும் என்கிட்டதான். போன மாசம் ஒரு பனியன் கம்பெனி முதலாளி போன் பண்ணுனாரு. மேடம், நம்ம கம்பெனில கேம்ப் நடந்ததுக்கு உங்க லெட்டர்பேடுல ஒரு பாராட்டு கடிதம் வேணுங்க, 20ஆம் தேதிக்குள்ள கிடைச்சா நல்லா இருக்கும், பையர் ஆடிட் வருதுங்கன்னாரு. சரிங்க சார் குடுத்துடலாம்னு சொல்லி வெச்சேன்.

பக்கத்துல பை ட்யூபை சீல் பண்ணிட்டு இருந்த புள்ளை காதுல இது விழுந்துருச்சு. சேந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, கை சுத்தமா வேலை செய்யற புள்ளை, மனசுல பட்டதை கேட்டுரும். "ஏனுங்க்கா, அவரு ஆடிட்டுக்காகத்தானே கேம்ப் போட்டாரு, அவருக்கு காரியம் ஆச்சு நமக்கு ரத்தம் வந்துச்சு, ரெண்டும் சரியாப் போச்சு, இதுல பாராட்டு எங்கிருந்து வருது? கேம்ப் நடந்ததுன்னு மட்டும் எழுதிக் குடுத்தா போதாதா?" அப்படின்னு.

எனக்கு உடனே பதில் வரல. ஏன்னா நானும் ஒரு காலத்துல இதே கேள்வியை இதே கம்பெனியை வெச்சுத்தான் கேட்டிருக்கேன்.

வெளியூர்க்காரங்களுக்காக ஆடிட்னா என்னன்னு சொல்லிடறேன். வெளிநாட்டுக்கு துணி அனுப்பற கம்பெனிகளுக்கு, வாங்கறவங்க சார்புல ஆளுங்க வந்து பாப்பாங்க. சம்பள ரிஜிஸ்டர், கக்கூஸ், குடிதண்ணி, தீயணைக்கிற சிலிண்டர், எமர்ஜென்சி வழில பண்டல் அடுக்கி வெச்சிருக்காங்களா, எல்லாம் பாப்பாங்க. அந்த ஃபைல்ல மெடிக்கல் கேம்ப் போட்டோ ஒண்ணு ரெண்டு இருந்தா கம்பெனிக்கு நல்ல பேரு. அதனால ஆடிட் வர்ற சீசன்ல எங்களுக்கு போன் ஜாஸ்தி வரும், இது இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், யாரும் மறைக்கறதில்ல.

4 வருஷம் முன்னாடி அந்த கம்பெனில முதல் கேம்ப். கேட்லயே பெரிய பேனர், முதலாளி போட்டோ எங்க போட்டோவை விட பெருசு. ரத்தம் குடுக்கறவங்களுக்கு அன்னைக்கு முழு ஷிஃப்ட் சம்பளம், குடுத்துட்டு வீட்டுக்கு போயிடலாம், அது போக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர், மூணு அடுக்கு, மேல கம்பெனி பேரு வெட்டுனது. காலைல 8 மணிக்கெல்லாம் வரிசை நின்னுருச்சு. டெய்லருங்க, கைமடி பசங்க, அயர்னிங், பேக்கிங், ஒடிசால இருந்து வந்த பசங்க, செக்கிங் பொம்பளைங்க, எல்லாரும் நிக்கறாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம வந்து நிக்கறவங்களும் இருந்தாங்க, அவங்ககிட்ட எடுக்கக்கூடாதுங்கறது விதி, ஆனா கேட்டா "இல்லைங்க மேடம் நல்லா தூங்கினேன்"ங்கறாங்க, கண்ணு செவந்து கிடக்கு.

அன்னைக்கு 80 பைக்கு மேல வந்துச்சு. எங்களுக்கு அது பெரிய எண்ணிக்கை. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கு, தீபாவளிக்கு போனஸ் வாங்கிட்டு ஊரே காலி ஆகிரும், ரோட்டுல ஆளு இருக்காது, ரத்தம் குடுக்க கூப்புட்டா போன் எடுக்க ஆள் இருக்காது, ஆனா மழை பிடிச்சு டெங்கு அந்த நேரத்துலதான் வரும், விபத்தும் பிரசவமும் லீவு பாத்து வராது. சிவப்பணு பை 35 நாள் தாங்கும், பிளேட்லெட் 5 நாள்தான், அதையும் 22 டிகிரில ஆட்டிக்கிட்டே வெச்சிருக்கணும். அதனால அந்த 80 பையை பாத்தப்ப எனக்கு மனசு நிறைஞ்சுதான் இருந்துச்சு. இருந்தும் வேன்ல திரும்பி வரும்போது டிரைவர் அண்ணாகிட்ட சொன்னேன், இவரு தன்னோட பேருக்காக பண்றாரு, இதுக்குப் பேரு தானமான்னு. அவரு ஒண்ணும் சொல்லல.

மறுநாள் டெஸ்ட். எடுக்கற எந்த பையா இருந்தாலும் எச்ஐவி, மஞ்சகாமாலை பி, மஞ்சகாமாலை சி, சிபிலிஸ், மலேரியா, இந்த அஞ்சும் பாக்காம வெளிய போகாது. எலிசாங்கற கிருமி டெஸ்ட் தட்டுல ஒரு குழி மட்டும் மஞ்சளா நின்னுச்சு, மஞ்சளானா கிருமி இருக்கலாம்னு அர்த்தம். திரும்ப போட்டோம், திரும்பவும் அதே. மஞ்சகாமாலை பி. பையை தனியா எடுத்து வெச்சு அழிக்கறதுக்கு அனுப்பிட்டு, பார்கோடை வெச்சு ஆளை எடுத்தேன். 36 வயசு, ஓவர்லாக் டெய்லர், தேனி பக்கம். பாரத்துல "மஞ்சகாமாலை வந்துள்ளதா?"ங்கற கேள்விக்கு இல்லைன்னு டிக். அந்த டிக்கை பக்கத்துல உக்காந்து போட வெச்சது நான்தான், ஆனா அன்னைக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு, நானும் மூஞ்சியைப் பாத்து நிறுத்தி கேக்கல.

இந்த மாதிரி விஷயத்தை போன்ல சொல்லக்கூடாது. ஒரு டெஸ்ட் திரும்ப பாக்கணும், நேர்ல வாங்கன்னு மட்டும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்தாரு, சனிக்கிழமை சம்பளம் போட்டதால மத்தவங்களெல்லாம் கடைவீதில இருக்கற நேரம். கதவை சாத்திட்டு உக்கார வெச்சு மெதுவா சொன்னேன். அவரு கேட்ட முதல் கேள்வி, "மேடம், என் ரத்தத்தை யாருக்காவது ஏத்திட்டீங்களா?"

இல்லைங்க, டெஸ்ட் பாக்காம ஏத்த மாட்டோம்னு சொன்னதும் மூச்சு விட்டாரு. அப்புறம்தான் சொன்னாரு, அஞ்சாறு வருஷம் முன்ன ஊர்ல மஞ்சகாமாலை வந்துச்சு, கீழாநெல்லி அரைச்சு குடிச்சு பத்தியம் இருந்து சரியாப் போச்சு, அது சரியாயிடுச்சுன்னுதான் நினைச்சேன், சொன்னா எடுக்கமாட்டாங்கன்னு வரிசைல பக்கத்துல இருந்தவன் சொன்னான், ஒரு ஷிஃப்ட் சம்பளமாச்சே மேடம், அந்த வாரம் வாடகை குடுக்கணும். சொல்லிக்கிட்டே மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு எதையோ எடுத்தாரு. அந்த டிபன் கேரியர். கழுவித் துடைச்சு, மேல ஒட்டுன ஸ்டிக்கர் கூட பிரிக்காம கொண்டு வந்திருந்தாரு. "ரத்தம் உபயோகப்படலைல்ல, இது எனக்கு வேண்டாம் மேடம், கம்பெனில திருப்பி குடுத்துடுங்க"ன்னு டேபிள் மேல வெச்சாரு.

நான் அதை வாங்கல. கம்பெனிக்கு உங்க விஷயம் எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது, இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டு போங்கன்னு சொல்லி, டாக்டர்கிட்ட பேசி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு சீட்டு எழுதிக் குடுத்து, சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, இல்லைன்னு வந்தா மூணு டோஸ் தடுப்பூசி போடச் சொல்லி அனுப்புனேன். போட்டாங்க. ரெண்டு பேருக்கும் இல்ல, அது பெரிய நிம்மதி.

ஆனா அந்த ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அவருக்கு டெஸ்ட்ல தெரிஞ்சுது. தெரியாம போற நாளும் இருக்கு. கிருமி உடம்புக்குள்ள வந்து முதல் சில வாரம் எலிசால காட்டாது, அந்த இடைவெளில ரத்தம் குடுத்தா எங்க மெஷினுக்கு கண்ணு கிடையாது, அப்போ எங்களுக்கு இருக்கற ஒரே காவல் அந்த பாரமும் டோனரோட வாயும்தான். அவரு உண்மை சொன்னாத்தான் ஏத்திக்கறவங்களுக்கு உயிர். அந்த உண்மைக்கு நாங்களும் கம்பெனியும் சேந்து ஒரு ஷிஃப்ட் சம்பளம்னு விலை போட்டு உக்காந்திருக்கோம், உண்மை சொன்னா அந்த காசு போச்சு.

எங்ககிட்ட முன்னாடி ஒரு சீனியர் அண்ணா இருந்தாரு, ரிட்டையர் ஆயிட்டாரு. 90கள்ல வேற ஊர்ல வேலை பாத்தவரு. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய ரத்தம் விக்கறவங்க உக்காந்திருப்பாங்கம்மா, பதினைஞ்சு நாள்ல வேற பேர்ல திரும்ப வருவாங்க, ரத்தம் தண்ணியா ஓடும்னு சொல்லுவாரு. நம்ம டேபிள்ல நீலமா ஒரு டப்பா இருக்கும் பாத்திருப்பீங்க, அது மயில்துத்த கரைசல், அடர்த்தி 1.053 இருக்கற மாதிரி கலக்கி வெச்சிருப்போம். விரல்ல குத்தி ஒரு சொட்டு விட்டா, ஹீமோகுளோபின் 12.5 இருந்துச்சுன்னா குண்டுமணி மாதிரி நேரா அடிக்கு போயிடும். இல்லைன்னா பாதில நின்னு யோசிச்சுட்டு மேல ஏறும். அந்த ரத்தம் விக்கறவங்க சொட்டு மேலயே மிதக்கும்மா, அதுக்கும் ஏதாச்சும் வழி பண்ணி படுத்துருவாங்கன்னு சொல்லுவாரு. 1996 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, 1998 ஜனவரி 1ல இருந்து காசுக்கு ரத்தம் வாங்கறது நின்னுது. காசு கேக்கறது பாவம்னு நின்னதில்ல அது. காசு வேணும்னு வர்றவங்க சீக்கை மறைப்பாங்க, அதை ஏத்திக்கறவங்க சாவாங்க, அதுக்காக நின்னுது. நான் அதை எத்தனை கூட்டத்துல சொல்லியிருப்பேன், ஆனா முழு ஷிஃப்ட் சம்பளமும் டிபன் கேரியரும் அதே காசுதான்னு எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் உறைக்கல. உலக சுகாதார நிறுவனம் தன்னார்வ டோனர்னா யாருன்னு எழுதும்போது டீ, பிஸ்கட், சின்ன ஞாபகப் பொருள், வந்துபோற பஸ் காசு சரிங்கும், ரத்தம் குடுத்துட்டு போறதுக்கு ஆகற நேரத்துக்கு மேல வேலைல இருந்து விடுப்பு குடுத்தா அதுவும் கூலி கணக்குத்தான்னு சொல்லும். படிச்சதுதான். படிச்சது வேற, அந்த ஸ்டிக்கர் பிரிக்காத டிபன் கேரியரை பாத்தது வேற.

அப்புறம் அந்த முதலாளியைப் பாக்கப் போனேன். யாருன்னு சொல்லாம, என்னன்னு மட்டும் சொன்னேன். சார், குடுத்தாத்தான் சம்பளம்னு வெச்சா சொல்ல வேண்டியதை மறைக்கறாங்க, ஏத்திக்கறவங்களுக்கு ஆபத்து. அவரு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கிட்டே இருந்தாரு.

"மறைக்காம சொல்றேனுங்க மேடம். இந்த கேம்ப் எனக்கு ஆடிட்டுக்கு வேணும். ஃபைல்ல போட்டோ வேணும். எத்தனை யூனிட்னு அவங்க ஒரு நாளும் கேட்டதில்ல. நான்தான் எண்ணிக்கை வரட்டும்னு சம்பளம் அறிவிச்சேன். நீங்க சொல்லுங்க, எப்படி வெச்சா சரியா வரும்?"

வந்து உக்கார்ற எல்லாருக்கும் ஒரு மணி நேரம் சம்பளத்துல பிடிக்காதீங்க, எடுத்தாலும் சரி வேண்டாம்னு அனுப்புனாலும் சரி. டீயும் பொருளும் வந்த எல்லாருக்கும். யாரு குடுத்தாங்க யாரை வேண்டாம்னோம்னு லிஸ்ட் எங்ககிட்ட மட்டும், சூப்பர்வைசர்கிட்ட போகக்கூடாது. ஒடிசா பசங்களுக்கு அவங்க பாஷைல கேள்வி படிச்சுக் காட்ட ஒரு ஆள். இவ்வளவுதான் கேட்டேன். "அப்போ எண்ணிக்கை குறையுமில்லீங்க?"ன்னாரு. குறையும் சார்னேன். சரின்னுட்டாரு. ரெண்டாவது கேம்ப்ல 50 பை கூட வரல. "ஆமாங்க்கா, போன தடவை சொல்லல, எனக்கு வலிப்பு மாத்திரை ஓடுது"ன்னு ஒரு பையன் அவனா வந்து சொன்னான், டீ குடிச்சுட்டு பொருளை வாங்கிட்டு மெஷினுக்கு திரும்பி போயிட்டான். எனக்கு அந்த 50தான் நிம்மதியா இருந்துச்சு.

செக்கிங் செக்‌ஷன் பொம்பளைங்க கதை தனி. நீல டப்பால அவங்க சொட்டு ஒண்ணொண்ணா மேல வந்து நிக்குது. நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது, அந்த எண்ணை நான் எல்லா கேம்ப்லயும் கண்ணால பாக்கறேன். பேரு சொல்லாம செக்‌ஷனை மட்டும் சொல்லி முதலாளிகிட்ட சொன்னேன். அடுத்த மாசத்துல இருந்து சாயங்கால டீயோட கடலை மிட்டாய் வருது, நர்ஸை வெச்சு இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஏற்பாடு பண்ணுனாரு. அதையும் அவரு மறைக்கல, "எனக்கும் லாபந்தான் மேடம், ஒருத்தி மயங்கி விழுந்தா அன்னைக்கு லைனே நிக்குது"ன்னாரு.

உண்மையச் சொன்னா, நான் அவருக்குள்ள ஒரு பெரிய காரணத்தை தேடியிருக்கேன். ஏதாச்சும் சொந்தத்துல ரத்தம் கிடைக்காம யாரையாச்சும் இழந்திருப்பாரு, அதனாலதான் இப்படி பண்றாருன்னு ஏதாவது ஒரு கதை வரும்னு எதிர்பாத்தேன், வந்தா மனசாரப் பாராட்டிடலாம்னு. அப்படி ஒண்ணும் இல்ல. ஆடிட், நல்ல பேரு, லைன் நிக்கக்கூடாது. அவ்வளவுதான். அப்படி ஒரு கதை இருந்தாத்தான் பாராட்டுவேன்னு நான் நின்னேனே, அது என்ன நியாயம்னு இப்போ தோணுது. கடலை மிட்டாய் சாப்பிடற பொண்ணுக்கு அதுல சத்து குறையுதா?

எங்க ரத்த வங்கிக்கு ஒரு பெரியவர் வருவாரு, மூணு மாசம் முடிஞ்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை டாண்ணு வந்து நிப்பாரு. ஜாதகத்துல செவ்வாய் சரியில்ல, ரத்தகாயம் படற யோகம் இருக்கு, நீங்களே மனசா ரத்தத்தை குடுத்துட்டா அது கழிஞ்சிரும்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அவருக்கு வேற எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் கேட்டதில்ல. சுத்தமான ஓ பாசிடிவ், தண்ணி சிகரெட் கிடையாது, கேட்ட எல்லாத்துக்கும் நிறுத்தி யோசிச்சு பதில் சொல்லுவாரு, போன வாரம் பல்லு புடுங்கினேன்மா பரவால்லயான்னு அவரா சொல்லி திரும்பி போயிருக்காரு, பரிகாரம் தள்ளிப் போகுதேன்னு கவலைதான், ஆனா மறைக்கல. எங்ககிட்ட தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கற குழந்தைங்க சிலர் இருக்காங்க, 3, 4 வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும், ஏத்துனாத்தான் பள்ளிக்கூடம் போகும், விளையாடும். அவரு பை அதுல எத்தனை தடவை போயிருக்கும்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தன் தோஷத்துக்குத்தானே வர்றாருன்னு நான் அவரை பாராட்டாம அனுப்ப முடியுமா? கையெடுத்து கும்பிட்டுத்தான் அனுப்புவேன்.

அப்போ தோஷம் கழியணும்னு வந்த பெரியவருக்கு ஒரு ஆதாயம், வாடகைக்காக வந்த டெய்லருக்கு ஒரு ஆதாயம், ரெண்டுலயும் ஆசை இருக்கு. வித்தியாசம் எங்க இருக்குன்னு பாத்தா, பெரியவரோட ஆதாயத்துக்காக வேற யாரும் எதையும் இழக்க வேண்டியதில்ல, அவரு உண்மை சொல்லி திரும்பிப் போனாலும் அடுத்த செவ்வாய் இருக்கு. டெய்லருக்கு நாங்க வெச்ச ஆதாயம் உண்மை சொன்ன நிமிஷத்துல அறுந்து போற மாதிரி இருந்துச்சு. தப்பு அந்த ஆளோட ஆசைல கம்மி, அதை நாங்க கட்டி வெச்ச விதத்துல ஜாஸ்தி. அதனால செய்யறவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு நான் இப்போ எல்லாம் முதல்ல கேக்கறதில்ல. அவனுக்கு கிடைச்சதுக்கு யாரு விலை குடுத்தாங்கன்னு பாக்கறேன். யாரும் குடுக்கலைன்னா தாராளமா பாராட்டிட்டு போறேன். வேண்டியவங்களுக்கு ரத்தம் குடுத்தா பதிலுக்கு ஒரு பை கிடைக்கும்னு வர்ற சொந்தக்காரங்களையும் இதே கண்ணாலதான் பாக்கறேன், அங்கயும் காசு வாங்கிட்டு மாமா மச்சான்னு சொல்லி யாராச்சும் வந்து படுத்தா கண்டுபிடிச்சு திருப்பி அனுப்பறது ஒரு தனி வேலை.

என்னையும் சேத்துத்தான் இதை யோசிச்சேன். கேம்புக்கு போற ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு பேட்டா உண்டு. சம்பளமும் உண்டு, அதுலதான் என் பையன் படிச்சான். வீட்ல சொந்தக்காரங்க "உயிரைக் காப்பாத்தற வேலை, புண்ணியம்"னு சொல்லும்போது நான் சந்தோஷமா வாங்கிக்கறேன், இல்லைங்க நான் பேட்டா வாங்கறேன் எனக்கு புண்ணியம் கிடையாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ராத்திரி 2 மணிக்கு பிரசவ கேஸுக்கு கிராஸ்மேட்ச், அதாவது ரத்தம் சேருமான்னு பாக்கற டெஸ்ட், போடும்போது கை நடுங்காம போடறேனே, அதுல சம்பளமும் இருக்கு, அந்த பொண்ணு பிழைக்கணுமேங்கறதும் இருக்கு, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு எடுக்க ரத்தத்தை சுழட்டிப் பிரிக்கற நம்ம சென்ட்ரிஃப்யூஜால முடியாது. எனக்கு குடுத்துக்கற சலுகையை அந்த முதலாளிக்கு ஏன் குடுக்க மாட்டேங்கறேன்?

இதை அந்த புள்ளைகிட்ட சாயங்காலம் சொன்னேன். அதுக்கு தமிழ் நல்லா வரும். "புறநானூறுல அறவிலை வணிகன்னு வருமேக்கா, இங்க குடுத்தா மறுமைல கிடைக்கும்னு கணக்கு போட்டு குடுக்கறவன் இல்ல ஆய் வள்ளல்னு பாடியிருக்காங்க, அப்போ கணக்கு போட்டு குடுக்கறது மட்டம்னுதானே அர்த்தம்?"னு கேட்டுச்சு. முடமோசியார் பாட்டு, எனக்கும் ஸ்கூல்ல படிச்ச ஞாபகம். ஆனா அந்தப் பாட்டை கடைசி வரைக்கும் பாரு கண்ணு, ஏன் குடுக்கறான்னா சான்றோர் போன வழின்னு குடுக்கறான்னு முடியும். முன்னாடி யாரோ குடுத்ததை நாலு பேரு வாய்விட்டு சொன்னதாலதானே அது வழின்னு அவனுக்கு தெரிஞ்சுது. யாரும் பாராட்டாம விட்டிருந்தா அங்க பாதையே விழுந்திருக்காது. ஆய் மாதிரி ஆளு உசந்தவன்தான், ஒத்துக்கறேன், அந்த உசரத்துல நிக்கறவங்களுக்கு மட்டும்தான் நல்ல வார்த்தைன்னு வெச்சா எங்க ஃப்ரிட்ஜ் காலியாத்தான் கிடக்கும். அப்படி நான் சொன்னதை அது முழுசா ஒத்துக்கிச்சான்னு தெரியல, "அப்போ பேனர் போட்டோ?"ன்னு கேட்டுச்சு. பேனர் எனக்கும் பிடிக்காதுதான், அதை இன்னும் பிடிக்கல.

ஆனா பாதை விழறதை நான் கண்ணால பாத்தேன். போன தடவை நாங்க குடுத்த கடிதத்தை அவரு ரிசப்ஷன்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தாரு, அங்க பில் வாங்க வந்த கூலிக்கு வேலை எடுத்து செய்யற ஜாப் ஒர்க் யூனிட்காரர் ஒருத்தர் அதைப் பாத்துட்டு எங்க நம்பரை கேட்டு வாங்கினாரு. அவருகிட்ட ஆடிட் கிடையாது, ஒண்ணும் கிடையாது, எங்ககிட்ட 30 பேருதான் இருக்காங்க வருவீங்களான்னு கேட்டாரு. போனோம், 14 பை. பெரிய கம்பெனிகளுக்கு சட்டமே இருக்கு, 2013 கம்பெனி சட்டம் 135ஆவது பிரிவுல, வருஷ லாபம் 5 கோடி தாண்டுனா முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும்னு. எங்க ஊர்ல முக்காவாசி யூனிட்டு அந்தக் கணக்குக்குள்ளயே வராது. அந்த 30 பேர் யூனிட்டை எந்த சட்டமும் தேடிப் போகாது, அந்த ஃபிரேம் போட்ட கடிதம் போச்சு.

கடிதத்தை அந்த புள்ளையவே டைப் அடிக்க சொன்னேன். வழக்கமா எங்க ஃபார்மட் ஒண்ணு இருக்கும், "தங்களின் தன்னலமற்ற சேவையைப் பாராட்டுகிறோம்"னு. அந்த தன்னலமற்றங்கற வார்த்தையை எடுக்கச் சொன்னேன், அது அவருக்கும் பொய், எனக்கும் பொய். அதுக்கு பதிலா அவரு செஞ்சதை அப்படியே எழுதினோம். ரத்தம் குடுக்க தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்களுக்கும் சம்பளம் பிடிக்காம விட்டது, டோனர் விவரத்தை கம்பெனி கேக்காதது, ஒடிசா பசங்களுக்கு அவங்க மொழில கேள்வி படிக்க ஆள் போட்டது, இதுக்கெல்லாம் நன்றின்னு. அரை பக்கம் வந்துச்சு. டைப் அடிச்சு முடிச்சுட்டு அது சொன்னது, "இப்படி எழுதினா எனக்கு குடுக்கறதுல ஒண்ணும் இல்லைங்க்கா."

கடிதத்தை குடுக்க நானே போனேன், அன்னைக்கு அங்க அடுத்த கேம்புக்கு நாள் குறிக்கவும் வேண்டியிருந்துச்சு. அந்த ஓவர்லாக் டெய்லர் என்னைப் பாத்துட்டு டீ டயத்துல ஓடி வந்தாரு. அவரால இனிமே வாழ்நாள் முழுக்க ரத்தம் குடுக்க முடியாது. ஆனா அதுக்கு அடுத்து நடந்த எல்லா கேம்ப்லயும் அவரு வரிசைல நிப்பாரு, டோனரா இல்ல, பாரம் நிரப்பற டேபிளுக்கு முன்னாடி நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு, "தம்பி, மஞ்சகாமாலை வந்திருந்தா சொல்லிரு, மாத்திரை எதாச்சும் ஓடுனா சொல்லிரு, சொன்னாலும் சம்பளம் பிடிக்க மாட்டாங்க, டீ உண்டு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரு ஏன் இதைச் சொல்றாருன்னு அங்க யாருக்கும் தெரியாது. அந்த நேரத்துக்கு அவருக்கும் சம்பளம் உண்டு.

"மேடம், சர்ட்டிபிகேட் குடுக்கறீங்கல்ல, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா, பொண்ணு ஸ்கூல்ல காட்டணுங்குது"ன்னாரு. பையில நாலஞ்சு சர்ட்டிபிகேட் இருந்துச்சு, எல்லாத்துலயும் "ரத்த தானம் செய்தமைக்காக"ன்னு அச்சடிச்சிருக்கு. அங்கயே பேக்கிங் டேபிள் மேல வெச்சு, அந்த வரியை ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சுட்டு, மேல பேனால "ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் பாதுகாப்புக்கு உதவியமைக்காக"ன்னு எழுதி, தேதி போட்டு கையெழுத்து போட்டுக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்குனாரு. மசி காயறதுக்கு ஃபேனுக்கு நேரா கொஞ்ச நேரம் பிடிச்சுட்டு நின்னாரு, பெல் அடிச்சதும் மடிக்காம அட்டைக்கு நடுவுல வெச்சுக்கிட்டு மெஷினுக்கு போனாரு.